ஒன்றும் நடக்காத பயணங்கள்

கடல் யுத்தத்திலிருந்து தமிழுக்கு வந்த வார்த்தை எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். "அவன் லேசுப்பட்டவன் இல்லை, சரியான எம்டன்" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். எம்டன் என்பது ஒரு கப்பலின் பெயர் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. 1914 செப்டம்பர் 22ந் தேதி இரவு அந்த ஜெர்மன் குரூசர் சென்னைக்கு எதிரே வந்து நின்று நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்தது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. வந்த சுவடு தெரியாமல் அது இருட்டில் போய்விட்டது. ஹைகோர்ட்டு மதில் சுவரில் அதற்கு ஒரு கல்வெட்டு வைத்திருக்கிறார்கள்.

எம்டன் கதையை எழுதியவர்கள் அநேகம் பேர். எழுதியவர்கள் எல்லோரும் சென்னையில் போட்ட குண்டுகளைச் சொல்லுவார்கள். அடுத்த மாதம் பினாங்குத் துறைமுகத்தில் புகுந்து ஒரு ரஷ்யக் குரூசரை மூழ்கடித்ததைச் சொல்லுவார்கள். கடைசியில் 1914 நவம்பர் 9ந் தேதி கோகோஸ் தீவுகளருகே ஆஸ்திரேலியக் கப்பலான ஸிட்னி அதை அடித்து நொறுக்கியதை அத்தியாயக் கணக்கில் சொல்லுவார்கள். படிக்க வெகு சுவாரஸ்யமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இரண்டு மாதத்தில் எம்டன் செய்த பெரிய காரியம் இவை ஒன்றுமே இல்லை. சுமார் இருபது வர்த்தகக் கப்பல்களைப் பிடித்ததும், அது எங்கே இருக்கிறதோ என்ற பயத்தில் மற்றக் கப்பல்கள் துறைமுகத்தை விட்டு நகராமல் கிடந்ததும்தான் பெரிய காரியம். நகராமல் கிடந்த கப்பலைப் பற்றி என்ன கதை எழுதுவது? அதனால் ஒரு வரியோடு விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. எம்டனை முடித்த ஸிட்னி அதைத் தேடிக்கொண்டு கடலெல்லாம் அலைந்த கப்பல் அல்ல. ஆஸ்திரேலிய, நியூஸிலாந்துச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு போன கப்பல் கூட்டத்துக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்தது அது. தந்தி நிலையத்தை உடைக்க எம்டன் ஆட்களைக் கரையிறக்கிற சமயத்தில், அந்த நிலையத்தார் அபாயச் செய்தி அனுப்பிவிட்டார்கள். காவல் கப்பல் பக்கத்திலேயே இருந்தது. கூட்டத்திலிருந்து பிரிந்து போய்ச் சண்டையை முடித்தது. எதிரியை எங்கே தேடுவது என்ற கேள்விக்கு, 'காப்பாற்ற வேண்டிய பொருளுக்குப் பக்கத்தில் இரு, எதிரி தானே வருவான்' என்ற பதில் 1914லேயே நம் சமுத்திரத்தில் கிடைத்துவிட்டது. அதை எடுத்துக்கொள்ள ஆளில்லை. மூன்று வருஷம் கழித்து இங்கிலாந்து அதே பாடத்தைத் தன் உயிர் போகிற நிலையில் படிக்க வேண்டியிருந்தது.

நான் கடற்படை ஆசாமி அல்ல, கதை எழுதுகிறவன். ஆனால் கொஞ்ச காலமாகக் கடற்படைச் சரித்திரங்களை நாவல்களைப் படிக்கிற மாதிரிப் படித்து வருகிறேன். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். படித்ததில் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம் இது: கடற்படைச் சரித்திராசிரியர்களில் மிகப் பெரும்பாலோர் எங்களைப் போன்ற நாவலாசிரியர்கள் செய்கிற தவறையே செய்திருக்கிறார்கள். உச்சக் கட்டம் வேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள். எங்கள் தவறால் வாசகனின் ஒரு மத்தியானம்தான் வீணாகும். அவர்கள் தவறால் கப்பல்கள் மூழ்கியிருக்கின்றன.

இதற்கு மூலபுருஷர் என்று அமெரிக்கக் கடற்படை அதிகாரி மஹானைச் சொல்ல வேண்டும். நியூபோர்ட்டில் கடற்படைக் கல்லூரியில் பாடம் நடத்தியவர். சரித்திரத்தின்மீது கடல் வலிமையின் செல்வாக்கைப் பற்றி அவர் எழுதிய புஸ்தகம் 1890ல் வெளிவந்தது. சரித்திரப் புஸ்தகம் ஒன்று இத்தனை கப்பல்களைக் கட்ட வைத்தது வேறு எந்தக் காலத்திலும் இல்லை. ஜெர்மன் கைஸர் அதைப் பக்தியோடு படித்தார். ஜப்பானியர் மொழிபெயர்த்துக்கொண்டார்கள். நியாயமாகப் பார்த்தால் மஹான் வியாபாரத்தை மறந்தவர் அல்ல. ஒரு தேசத்தின் கடல் வலிமைக்கு அஸ்திவாரம் அதன் வியாபாரமும் கப்பல்களும் துறைமுகங்களும்தான் என்று ஆரம்பத்திலேயே சொல்லுகிறார். ஆனால் புஸ்தகம் வளர வளர, கடற்படைகளை ஒன்றாகத் திரட்டிப் பெரும் சண்டையில் எதிரியை ஒழித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்கிற எண்ணம்தான் படிப்பவர் மனசில் தங்குகிறது. வர்த்தகக் கப்பல்களைத் தாக்குவதால் மட்டும் ஒரு யுத்தத்தை ஜெயிக்க முடியாது என்று அவர் சொன்னதை, வர்த்தகக் கப்பல்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை என்று சிஷ்யர்கள் படித்துக்கொண்டார்கள். ஆசிரியர் எழுதியது ஒன்று, வாசகன் கொண்டுபோனது ஒன்று. எங்கள் தொழிலிலும் இது நடப்பதுதான்.

மஹானுக்கு எதிர்ப் பக்கத்தில் நிற்கிறவர் ஜூலியன் கார்பெட் என்கிற ஆங்கிலேயர். அவர் வக்கீலுக்குப் படித்தவர். கடற்படையில் ஒரு நாள்கூட வேலை பார்த்தவர் அல்ல. சரித்திரத்துக்கு வருவதற்கு முன்னால் அவர் நாவல்கள் எழுதிக்கொண்டிருந்தார் என்று தெரிந்தபோது எனக்கு ஒரு சந்தோஷம். அந்த நாவல்களை இன்று யாரும் தேடிப் படிப்பதாகத் தெரியவில்லை. ஆனால் கதையின் ருசி தெரிந்த அந்த மனிதர்தான், சரித்திரத்தில் கதையின் ருசியைக் கண்டு சந்தேகப்பட்டார். கடல் வியூகத்தின் தத்துவங்களைப் பற்றி 1911ல் அவர் எழுதிய புஸ்தகத்தின் சாரம் சுலபமானது. நிலத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம். கடலைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. கடலில் மனிதனுக்கு வேண்டியது வழி ஒன்றுதான். தன் கப்பல் போய்வர வழி இருக்கிறதா, எதிரியின் கப்பலுக்கு அந்த வழியை அடைக்க முடிகிறதா என்பதே கேள்வி. சண்டை அதற்கு ஒரு சாதனம்; சில சமயம் அவசியமான சாதனம்; எப்போதுமே அதுதான் லட்சியம் என்று நினைப்பது பிசகு.

1910ல் டிரபால்கர் யுத்தத்தைப் பற்றி அவர் எழுதினபோதும் இதே புத்தியோடுதான் எழுதினார். 1805 அக்டோபர் 21ந் தேதி 27 பிரிட்டிஷ் கப்பல்கள் 33 பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களை முறியடித்தன. நெல்ஸன் செத்தார், இங்கிலாந்து அழுதது, லண்டனில் ஒரு சதுக்கத்துக்குப் பேர் வைத்தார்கள். எல்லாம் சரி. அந்தச் சண்டைக்குப் பிறகும் யுத்தம் 1815 வரை நடந்ததே, அந்தப் பத்து வருஷம் கடற்படை என்ன செய்துகொண்டிருந்தது? பிரெஞ்சுத் துறைமுகங்களின் வாசலில் மழையிலும் காற்றிலும் நின்றுகொண்டிருந்தது. வர்த்தகக் கப்பல்களைக் கூட்டம் கூட்டமாக அழைத்துக்கொண்டு போய்விட்டு வந்தது. அப்படிக் காவலோடு கூட்டமாகத்தான் போகவேண்டும் என்று 1798லேயே பார்லிமெண்டு சட்டம் செய்திருந்தது. இந்த முறைக்குத்தான் கான்வாய் என்று பெயர். அதாவது 20ம் நூற்றாண்டில் கண்டுபிடிக்க வேண்டிய புது விஷயம் இல்லை இது. பழைய தஸ்தாவேஜுகளில் பக்கம் பக்கமாக இருந்தது. ஆனால் சரித்திரம் படித்த கடற்படை அதிகாரி டிரபால்கர் வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவான். 1798ம் வருஷத்துச் சட்டத்தைப் பற்றிக் கேட்டால் விழிப்பான். அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

1916 மே 31ந் தேதி ஜட்லாண்டு யுத்தம் வந்தது. டிரபால்கருக்குப் பிறகு நூற்றுப்பத்து வருஷமாக எதிர்பார்த்த யுத்தம் அது. 151 பிரிட்டிஷ் கப்பல்களும் 99 ஜெர்மன் கப்பல்களும் வடகடலில் மோதிக்கொண்டன. பிரிட்டிஷார் 14 கப்பல்களையும் ஆறாயிரம் பேருக்கு மேலும் இழந்தார்கள். ஜெர்மானியர் 11 கப்பல்களையும் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேலும் இழந்து, ராத்திரியோடு ராத்திரியாகத் துறைமுகத்துக்குத் திரும்பினார்கள். ஜெயித்தது யார்? அன்றிலிருந்து நூறு வருஷத்துக்கு மேலாக இதைப் பற்றிப் புஸ்தகங்கள் வந்துகொண்டிருக்கின்றன. தளபதி ஜெல்லிக்கோ திரும்பிய திசை சரியா, உபதளபதி பீட்டி சமிக்ஞை காட்டியது தவறா என்று இரண்டு கட்சி. ஹார்ப்பர் என்ற அதிகாரி தயாரித்த உத்தியோகபூர்வமான அறிக்கையை, பீட்டி கடற்படைத் தலைவராக வந்ததும் திருத்தச் சொன்னார். அது 1927 வரை வெளிவரவில்லை. மாமியார் மருமகள் சண்டைக்குக்கூட ஒரு முடிவு உண்டு, இதற்கு இல்லை.

இந்த யுத்தத்தின் பாடத்தைச் சரியாகப் படித்தவர் ஜெர்மன் தளபதி ஷீர்தான். சண்டை முடிந்து ஒரு மாதத்தில் அவர் தம் சக்கரவர்த்திக்கு எழுதிய அறிக்கையில், இன்னொரு கடற்சண்டையில் வெற்றி கிடைத்தாலும் இங்கிலாந்து பணியாது, அதன் வர்த்தகத்தை நீர்மூழ்கிக் கப்பல்களால் அடித்தால்தான் வழி என்று சொல்லிவிட்டார். 1917 பிப்ரவரி 1ந் தேதி அது ஆரம்பமாயிற்று. அந்த ஏப்ரல் மாதத்தில் மட்டும் எட்டரை லட்சம் டன்னுக்கு மேல் கப்பல்கள் மூழ்கின. இங்கிலாந்தை விட்டுக் கிளம்புகிற தூரதேசக் கப்பல்கள் நாலில் ஒன்று திரும்பி வருவதில்லை என்ற நிலை. கடற்படைத் தலைமையில் அப்போது இருந்தவர் அதே ஜெல்லிக்கோ. அவர் லண்டனுக்கு வந்த அமெரிக்க அட்மிரல் ஸிம்ஸிடம் உண்மையை ஒளிக்காமல் சொன்னார்; இப்படியே போனால் யுத்தத்தைத் தொடர முடியாது என்றார். உலகத்திலேயே மிகப் பெரிய கடற்படை முழுசாக, ஒரு பழுதுமில்லாமல், ஸ்காபா புளோவில் நங்கூரம் பாய்ச்சி நின்றுகொண்டிருந்தது. தேசம் தோற்றுக்கொண்டிருந்தது.

கான்வாய் முறையை ஏன் உடனே கைக்கொள்ளவில்லை என்பதற்கு அவர்கள் சொன்ன காரணங்களைப் படித்தால், நாவலில் எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று தோன்றுகிறது. கப்பல்களைக் கூட்டமாக அனுப்பினால் எதிரிக்குச் சுலபமான இலக்காகும் என்றார்கள். வர்த்தகக் கப்பல் கேப்டன்களுக்கு வரிசை தப்பாமல் ஓட்டத் தெரியாது என்றார்கள். கூப்பிட்டுக் கேட்டபோது அந்தக் கேப்டன்களே அப்படித்தான் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கணக்கு. வாரத்துக்கு 2,500 கப்பல்கள் வருகின்றன, 2,500 கப்பல்கள் போகின்றன. இத்தனைக்கும் காவல் கொடுக்க டெஸ்ட்ராயர்களுக்கு எங்கே போவது? இந்தக் கணக்கு எப்படி வந்தது தெரியுமா? நஷ்டம் சொற்பம் என்று உலகத்துக்குக் காட்டுவதற்காக, கரையோரம் போய்வரும் சின்னக் கப்பல்களையெல்லாம் சேர்த்துப் பத்திரிகைகளுக்குக் கொடுத்த கணக்கு. எதிரியை ஏமாற்றப் போட்ட கணக்கில் தாங்களே ஏமாந்தார்கள். ஹெண்டர்ஸன் என்ற கமாண்டர், கப்பல் போக்குவரத்து இலாகாவில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தார். சமுத்திரம் தாண்டி வருகிற கப்பல்கள் வாரத்துக்கு நூற்றிருபதிலிருந்து நூற்று நாற்பதுதான். அதாவது நாள் ஒன்றுக்கு இருபது. இருபது கப்பலுக்குக் காவல் கொடுக்க முடியாதா?

1917 மே 10ந் தேதி ஜிப்ரால்டரிலிருந்து முதல் சோதனைக் கூட்டம் கிளம்பியது. பத்திரமாக வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு யுத்தம் முடிகிறவரை சமுத்திரக் கான்வாய்களில் வந்த கப்பல்களில் மூழ்கியது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. இதில் மாயம் ஒன்றும் இல்லை. சமுத்திரம் பெரியது. அதில் நாற்பது கப்பல்கள் தனித்தனியாகப் போனால் நீர்மூழ்கிக்கு நாற்பது தடவை சந்தர்ப்பம். நாற்பதும் சேர்ந்து போனால் ஒரே ஒரு தடவை. கூட்டம் போய்விட்டால் கடல் காலி. கண்ணில் பட்டாலும் தாக்குவதற்குக் காவல் கப்பலுக்குப் பக்கத்தில் வந்தாக வேண்டும், வந்தால் அடி. தேடிப் போய் அடிப்பது வீரம், கூட நின்று காப்பது கோழைத்தனம் என்று நினைத்தார்கள். கூட நின்றவன்தான் அதிகம் அடித்தான்.

இதை யார் செய்தது என்பதிலும் சரித்திராசிரியர்கள் ஒரு நாடகம் ஆடியிருக்கிறார்கள். பிரதம மந்திரி லாயிட் ஜார்ஜ் தம் யுத்த நினைவுகளில், ஏப்ரல் 30ந் தேதி தாமே கடற்படை அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பிடிவாதக்காரர்களை வழிக்குக் கொண்டுவந்ததாக எழுதிக்கொண்டார். அவர் போவதற்கு நாலு நாள் முன்பே அங்கே முடிவாகிவிட்டது என்று மற்றவர்கள் காட்டினார்கள். மாற்றிமாற்றி வாதாடுகிறார்கள். கூட்டல் கணக்குப் போட்ட மனிதருக்கு ஒரு பாரா கிடைத்தால் அதிகம்.

பிரிட்டிஷ் சர்க்கார் முதல் யுத்தத்தின் கடல் சரித்திரத்தை எப்படி எழுதச் சொன்னார்கள் என்று பாருங்கள். கடற்படை நடவடிக்கைகள் ஐந்து தொகுதி. ஆரம்பித்தவர் கார்பெட், அவர் 1922ல் காலமானபின் முடித்தவர் ஹென்றி நியூபோல்ட் என்கிற கவி. கடல் வியாபாரத்துக்குத் தனியாக ஃபேல் என்பவர் மூன்று தொகுதி. வர்த்தகக் கப்பல்களுக்குத் தனியாக ஹர்ட் என்பவர் மூன்று தொகுதி. ஆக மூன்று அலமாரித் தட்டு. கடற்படை அதிகாரி முதல் தட்டோடு நின்றுவிடுவான். எந்த வியாபாரத்துக்காக அந்த நடவடிக்கைகள் நடந்தனவோ, அந்த வியாபாரம் வேறொரு புஸ்தகத்தில் இருந்தது. இது பைண்டு பண்ணுகிற விஷயம் அல்ல. எதை முக்கியம் என்று நினைத்தார்கள் என்பதைக் காட்டுகிற விஷயம். போதாதற்கு, ஜட்லாண்டு அடங்கிய கார்பெட்டின் மூன்றாம் தொகுதி 1923ல் வெளிவந்தபோது, சண்டையைத் தேடிப் போய் முடிப்பதன் முக்கியத்துவத்தை இந்த ஆசிரியர் குறைத்துச் சொல்லுவது தங்களுக்குச் சம்மதமில்லை என்று கடற்படைத் தலைமை ஒரு குறிப்பு ஒட்டி அனுப்பியது. கான்வாயால் பிழைத்து ஆறு வருஷம்கூட ஆகவில்லை!

கார்பெட்டைப் பூஜை செய்யவும் நான் தயாராயில்லை. வழிதான் முக்கியம் என்று கண்டுகொண்ட அவரே, நீராவியும் கம்பியில்லாத் தந்தியும் வந்த காலத்தில் பழைய கான்வாய் முறை அவ்வளவு தேவைப்படாது என்று 1911ல் நினைத்தார். தத்துவம் சரியாயிருந்தும் உதாரணம் தப்பிவிட்டது. தத்துவ ஆசிரியர்களுக்கு இது சகஜம்.

ஜப்பானியர் கதை இன்னும் பரிதாபம். 1905 மே மாதம் ட்ஸுஷிமாவில் ரஷ்யக் கடற்படையை அடியோடு அழித்தவர்கள் அவர்கள். அந்த ஒரு வெற்றியை நாற்பது வருஷம் மனப்பாடம் செய்தார்கள். எல்லாம் ஒரு பெரிய சண்டையில் முடிந்துவிடும் என்று யமாட்டோ, முஸாஷி என்று உலகத்திலேயே பெரிய போர்க் கப்பல்களைக் கட்டினார்கள். எண்ணெயும் அரிசியும் இரும்புத் தாதுவும் கடல் தாண்டி வரவேண்டிய தீவு தேசம் அது. அவற்றைக் கொண்டுவருகிற கப்பல்களுக்குக் காவல் தருவதற்கென்று ஒரு தலைமைப் பிரிவை ஏற்படுத்த 1943 நவம்பர் வரை அவர்களுக்குத் தோன்றவில்லை. அதற்குள் காலம் கடந்துவிட்டது. மூழ்கிய ஜப்பானிய வர்த்தகக் கப்பல்களில் பாதிக்கு மேல் அமெரிக்க நீர்மூழ்கிகளின் கைவரிசை. அந்த நீர்மூழ்கிகளில் இருந்தவர்கள் அமெரிக்கக் கடற்படையில் நூற்றுக்கு இரண்டு பேர்தான். ஆனால் புஸ்தகக் கடைக்குப் போய் பசிபிக் யுத்தம் என்று கேட்டால் மிட்வேயைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

அமெரிக்கரும் இதில் புத்திசாலிகள் அல்ல. 1917ன் பாடம் அச்சில் இருந்தும், 1942 ஆரம்பத்தில் தங்கள் கிழக்குக் கரையோரம் கப்பல்களைத் தனித்தனியாகவே போகவிட்டார்கள். கரையோர நகரங்களின் விளக்கு வெளிச்சத்தில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் அவற்றைக் குறிபார்த்துச் சுட்டன. மே மாதம் கான்வாய் ஏற்படுத்தினபிறகுதான் அங்கே மூச்சு வந்தது.

இரண்டாவது யுத்தத்தைப் பற்றி எழுதியவர்களில் ராஸ்கில்லைப் பாராட்ட வேண்டும். 1954லிருந்து 1961க்குள் அவர் எழுதி முடித்த பிரிட்டிஷ் சர்க்கார் சரித்திரத்தில் அட்லாண்டிக் வழிகளுக்கு உரிய இடம் இருக்கிறது. ஆனால் கான்வாய்க் கணக்குகளை முழுக்க முழுக்க அலசிப் பார்லி, வாட்டர்ஸ் என்ற இரண்டு பேர் 1957ல் கடற்படைக்குத் தயாரித்துக் கொடுத்த சரித்திரம் ரகசியக் கட்டிலேயே கிடந்து, பொதுமக்கள் கைக்கு வந்தது 1997ல். நாற்பது வருஷம்! முதல் யுத்தத்தைப் பற்றி ஆர்தர் மார்டர் 1961 முதல் 1970 வரை எழுதிய ஐந்து தொகுதிகள், நடையழகுக்காகவே படிக்கத் தகுந்தவை. 1917ம் வருஷத்து நெருக்கடியை அவர் நன்றாகத்தான் சொல்லியிருக்கிறார். இருந்தும் ஜட்லாண்டுக்கும் அதைத் தொடர்ந்த ஏழு மாதத்துக்கும் என்று ஒரு தொகுதி முழுசாகப் போய்விட்டது. இந்தத் தலைமுறையில் ராட்ஜர் என்பவர் பிரிட்டனின் கடற்படைச் சரித்திரத்தை 1997லிருந்து 2024 வரை மூன்று பெரும் தொகுதிகளாக எழுதியிருக்கிறார். சண்டைக்கு ஒரு அத்தியாயம் என்றால் நிர்வாகத்துக்கு ஒன்று, மாலுமிகளின் வாழ்க்கைக்கு ஒன்று, கப்பல் கட்டுவதற்கு ஒன்று என்று மாற்றிமாற்றி வைத்திருக்கிறார். ரொட்டியும் உப்புக்கண்டமும் பீப்பாயில் அடைத்து அனுப்பியவன் இல்லாவிட்டால் நெல்ஸன் வாசலைத் தாண்டியிருக்க மாட்டார் என்று அதைப் படித்தால் புரியும். இந்த வரிசையே எனக்குச் சரியான வரிசையாகப் படுகிறது.

நம்மவரில் கே. எம். பணிக்கர் 1945லேயே இந்து மகா சமுத்திரத்தைப் பற்றி ஒரு சின்னப் புஸ்தகம் எழுதினார். கடலை இழந்ததால்தான் இந்தியா சுதந்திரத்தை இழந்தது என்று அதில் எச்சரித்தார். துணிச்சலான புஸ்தகம். ஆனால் அவரும் மஹானின் கண்ணாடியைத்தான் போட்டுக்கொண்டார். கடற்படைகள் தெரிகின்றன, சரக்கை ஏற்றி இறக்கியவன் தெரிவதில்லை. இன்று நம் தேசத்து வெளிநாட்டு வியாபாரத்தில் அளவில் சுமார் 95 சதம் கடல் வழியாகத்தான் போய்வருகிறது. இரண்டு யுத்தங்களிலும் பிரிட்டிஷ் வர்த்தகக் கப்பல்களின் அடித்தட்டில் கரி அள்ளிப் போட்ட இந்திய லஸ்கர்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். கல்கத்தாவில் கங்கைக் கரையில் முதல் யுத்தத்தில் செத்த 896 லஸ்கர்களுக்கு 1924ல் ஒரு நினைவு மண்டபம் கட்டினார்கள். சென்னைக்காரனுக்கு எம்டன் கல்வெட்டு தெரிகிற அளவுக்கு வேறு எவனுக்காவது அந்த மண்டபம் தெரியுமா என்பது சந்தேகம். கப்பல் முழுகின நாளோடு மாலுமியின் சம்பளம் நின்றுவிடும் என்பது 1941 வரை பிரிட்டிஷ் வர்த்தகக் கப்பல்களில் இருந்த வழக்கம். படகில் உயிருக்குப் போராடுகிற நாட்களுக்குக் கூலி கிடையாது! ஜட்லாண்டைப் பற்றிய எந்தப் புஸ்தகமும் எனக்கு இந்த ஒரு விவரம் கொடுத்த அதிர்ச்சியைக் கொடுக்கவில்லை.

இந்த இடத்தில் என் ஜாதிக்காரர்களுக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பொது வாசகன் கான்வாய் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டது நாவல்களிலிருந்துதான். நிக்கோலஸ் மான்ஸரட் காவல் கப்பலில் தாமே வேலை பார்த்தவர். 1951ல் 'தி குரூயல் ஸீ' எழுதினார். ஸி. எஸ். ஃபாரஸ்டர் 1955ல் 'தி குட் ஷெப்பர்ட்' எழுதினார். இரண்டாவதில் கதாநாயகனுக்குக் கால் வலிக்கிறது, காப்பி குடிக்கக்கூட நேரமில்லை, தூக்கமில்லை. எதிரியின் முகத்தை அவன் பார்ப்பதே இல்லை. மேய்ப்பனுக்கு ஆடுகள் கரைசேர வேண்டும், அவ்வளவுதான். உச்சக் கட்டத்தை ஒதுக்கி வைத்து இரண்டு நாள் களைப்பைக் கொண்டே ஒரு நாவலை நடத்திவிட்டார் ஃபாரஸ்டர். ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவரும் நீர்மூழ்கிகள் தாக்கிய கான்வாயைத்தான் எடுத்துக்கொண்டார். எதிரி எங்கே இருக்கிறான் என்று தெரிந்து, வழியைத் திருப்பி, ஒரு டார்பீடோகூடப் படாமல் வந்து சேர்ந்த கான்வாய்கள்தான் அதிகம். அவைதான் யுத்தத்தை ஜெயித்தவை. அவற்றுக்குச் சரித்திரத்திலும் அத்தியாயம் இல்லை, நாவலிலும் இல்லை. எப்படி எழுதுவது என்று எனக்கும் தெரியவில்லை. கூட்டுக் குடும்பம் ஒன்று பிரிந்ததைப் பற்றி நான் ஒரு நாவல் எழுதினேன். கோர்ட்டில் சண்டை நடந்த நாளுக்கு நாற்பது பக்கம். அந்தக் குடும்பத்தை முப்பது வருஷம் பிரியாமல் வைத்திருந்த அத்தைக்கு நாலு வரி. அதனால்தான் மார்டரைக் குறைசொல்லும்போது என் குரல் கொஞ்சம் தாழ்கிறது.

இதெல்லாம் பழங்கதை என்று தள்ளுவதற்கில்லை. 1982 மே 25ந் தேதி பாக்லண்டு யுத்தத்தில் அட்லாண்டிக் கன்வேயர் என்ற சரக்குக் கப்பலை ஏவுகணை தாக்கியது. அதில் இருந்த ஹெலிகாப்டர்கள் எரிந்துபோயின. விளைவு, பிரிட்டிஷ் சிப்பாய்கள் மூட்டையைச் சுமந்துகொண்டு தீவின் குறுக்கே நடந்தார்கள். போர்க் கப்பல்கள் மூழ்கியதைவிட அந்த ஒரு சரக்குக் கப்பல் யுத்தத்தின் போக்கை அதிகம் மாற்றியது. 2022 ஏப்ரலில் கருங்கடலில் ரஷ்யாவின் மாஸ்க்வா மூழ்கியதை உலகமே பேசியது. 2023 ஆகஸ்டிலிருந்து உக்ரேன் தன் கரையோரமாக ஒரு வழி திறந்து தானியக் கப்பல்களை அனுப்ப ஆரம்பித்ததை அத்தனை பேர் பேசவில்லை. மாஸ்க்வா மூழ்கினதால் அந்த வழி திறக்க உதவியாயிருந்தது என்பதுதான் அந்தச் சண்டையின் பெருமை. வருங்காலச் சரித்திராசிரியர் எதற்கு அத்தியாயம் கொடுப்பார், எதற்கு வரி கொடுப்பார் என்று நான் இப்போதே யோசிக்கிறேன். அவர் கொடுக்கிற பக்கக் கணக்கைப் பார்த்துத்தான் அடுத்த தலைமுறை அதிகாரிகள் கப்பல் கட்டுவார்கள்.

நான் இந்தப் புஸ்தகங்களைப் படிக்க நேர்ந்த காரணத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவன் சரக்குக் கப்பலில் இஞ்சினீயர். 2023 நவம்பரில் செங்கடலில் வர்த்தகக் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்களே, அதற்கு அடுத்த மாதங்களில் அவன் கப்பல் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியிருந்தது. பத்திரிகைகளில் எந்த தேசத்துப் போர்க் கப்பல் எத்தனை ஏவுகணைகளைச் சுட்டு வீழ்த்தியது என்று படம் போட்டார்கள். அவன் மனைவி அந்தப் படங்களைப் பார்க்கவில்லை. "அண்ணா, அவர் கப்பல் எந்த வழியா போறதுன்னு யாராவது சொல்லுவாளா?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு என்ன தெரியும்? மஹானைப் பற்றியும் கார்பெட்டைப் பற்றியும் தேடிப் படித்தது அதற்குப் பிறகுதான். அவள் கேட்ட ஒற்றைக் கேள்விதான் கார்பெட் புஸ்தகம் முழுவதும் கேட்கிற கேள்வி என்று பிற்பாடு தெரிந்தது.

கப்பல் செங்கடலுக்குள் போகவில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, நாள் கூடுதலாகப் பிடித்துப் போய்ச் சேர்ந்தது. லீவில் வந்தபோது அவனைக் கேட்டேன், பிரயாணம் எப்படி இருந்தது என்று. நாவலுக்கு ஏதாவது அகப்படும் என்ற ஆசை எனக்கு.

"ஒண்ணும் நடக்கலைடா. போனோம், வந்தோம்" என்றான்.

அவன் மனைவி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். அதற்குமேல் அந்தப் பிரயாணத்தைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.